காத்துகூட நுழையாத மூடி

...ஃபில்டரா? ஃபில்டரப் பத்தி மட்டும் பேசாதீங்கண்ணே. பாக்குறவனெல்லாம் அதைத்தான் சொல்றான். மாத்தியாச்சு. மாத்தினதையும் மாத்தியாச்சு. இந்த வண்டியில இப்ப பழசுன்னா நானும் என் சீட்டும்தான்.

மொத மெக்கானிக் இருக்காரே, மகராசன், வண்டியத் தொடவே இல்ல. தூர நின்னு காதக் குடுத்துக் கேட்டுட்டு, இன்ஜினுக்கு பெட்ரோல் வந்து சேரலன்னாரு. வந்து சேந்தா நான் ஏன்யா உங்கிட்ட வந்து சேரப் போறேன்? ரெண்டாவது ஆளு பம்ப்ப மாத்தினாரு. மூணாவது ஆளு கார்புரேட்டரக் கழட்டி, பேப்பர் மேல பரப்பி வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. திரும்பி வந்து மாட்டினா ஒரு ஸ்க்ரூ மிச்சம். இது இல்லாமலே ஓடும்னாரு. என்ன ஒரு தன்னம்பிக்கை.

ஓடுச்சு. ஓடாம என்ன. கெளம்பும்போது எப்பவும் புது மாப்பிள்ளை மாதிரித்தான் கெளம்பும். மேட்டுல ஏறி, பின்னாடி நாலு பேரு ஹாரன் அடிக்கிற எடமாப் பாத்து... விக்கும். ஒரு விக்கல், ரெண்டு விக்கல், அப்புறம் படுத்துக்கும். செடித் தொட்டி ஏத்திட்டுப் போற தொழிலுண்ணே எனக்கு. வெயில்ல நின்னா ரோஜா வாடி, வாங்குறவரு மூஞ்சி வாடி... சரி, அத விடுங்க.

உள்ள உக்காந்திருக்காளே, என் வீட்டுக்காரி. நீங்க கேட்டாப் பதில் சொல்லுவா. எங்கிட்டதான் பேச்சு கெடையாது. இன்னிக்கு அவ தம்பி வீடு மாத்துறான். சாமான் ஏத்த வண்டியோட வரணுமாம், அதையும் பக்கத்து வீட்டம்மா மூலமாத்தான் எனக்குச் சொல்லி விட்டா. வழியில இன்னொரு தடவ நின்னா, பஸ்ஸப் புடிச்சு தம்பி வீட்டுக்குப் போயி அங்கயே இருந்துக்குவாளாம். மடியில பை இருக்கு பாருங்க. சும்மா மெரட்டுறதாத்தான் நெனச்சேன். காலையில மெதுவா எட்டிப் பாத்தா கண்ணாடி, மாத்திரை, போர்வை எல்லாம் உள்ள இருக்கு. போர்வை எடுத்து வச்சவ சீக்கிரம் திரும்பி வர மாட்டாண்ணே. அதான் பயந்து, நிக்குறதுக்கு முன்னாடியே உங்க பட்டறைக்கு ஓட்டிட்டு வந்துட்டேன்.

எதுக்கு இவ்வளவு கோவம்னு கேக்குறீங்க... கேக்கலயா? சரி, நானே சொல்றேன்.

அந்த மச்சான் ஞாயித்துக்கெழம ஆனா வண்டிய எரவல் வாங்கிட்டுப் போவான். திருப்பிக் குடுக்கும்போது கழுவித் தொடச்சு, கண்ணாடியெல்லாம் பளபளன்னு குடுப்பான். காரணமில்லாம எவனாவது அடுத்தவன் வண்டியக் கழுவுவானா? எனக்கு அங்கதான் பொறி தட்டுச்சு. டேங்க் மூடியத் திருப்பிப் பாத்தேன். நட்டநடுவுல, ஊசி நுழையுற மாதிரி ஒரு ஓட்டை. ஆஹா, இது வழியா ட்யூப விட்டு பெட்ரோல உறியுறியா மச்சான்னு அவன் மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேன். அதுவும் எங்க, சாப்பிட உக்காந்த எடத்துல. கையக் கழுவிட்டு எந்திரிச்சுப் போனவன்தான். குத்தமுள்ள நெஞ்சு, வேற என்ன?

நான் விடுவேனா. ஓட்டைய நல்ல பசையா வச்சு அடைச்சேன். சைக்கிள் ட்யூப வெட்டி மூடிக்கு அடியில வளையம் போட்டேன். மேல ஒரு பூட்டு. இப்ப காத்துகூட நுழையாதுண்ணே, அப்படி ஒரு வேலைப்பாடு.

அவன் சும்மா இருப்பானா? மறுநாளே வண்டி நிக்க ஆரம்பிச்சுது. டேங்க்குல எதையோ போட்டுட்டான். பூட்டின டேங்க்குல எப்படிப் போட்டான்னு இவ கேட்டா. அதான் அவ எங்கிட்ட கடைசியாக் கேட்ட கேள்வி.

ஆனா எங்கிட்ட ஒரு வைத்தியம் இருக்கு. பெட்ரோல் காட்டுற முள்ளு எப்பவும் பாதியிலதான் நிக்கும், அத நம்ப முடியாது. அதனால வண்டி நின்னா எறங்கி, பூட்டத் தொறந்து, மூடியக் கழட்டி எட்டிப் பாப்பேன். கழட்டும்போது ஸ்ஸ்ஸுன்னு ஒரு பெருமூச்சு விடும் பாருங்க, அதுக்கும் ஏதோ மனக்கொறை. நாலு வார்த்தை நல்லாத் திட்டிட்டு மூடுவேன். ஸ்டார்ட் பண்ணினா பறக்கும். என் வாய்க்கு அது ஒண்ணாவது பயப்படுது.

என்னண்ணே சிரிக்கிறீங்க? மூடி சாவியா? இந்தாங்க... எங்க போறீங்க? அது யாரோட லாரியோ, அதோட மூடிய ஏன் கழட்டுறீங்க?

ம்... இதுலயும் ஓட்டை இருக்கு. அந்த வேன்ல?... அதுலயுமா. ஊருல இருக்குற எல்லா வண்டியிலயும் என் மச்சான் ஓட்டை போட்டிருப்பான்னு... சொல்ல முடியாது, இல்ல?

என்னது, பெட்ரோல் எறங்க எறங்க அந்த எடத்துக்குக் காத்து வரணுமா? வரலன்னா டேங்க்கு பெட்ரோல விடாம உள்ளயே இழுத்துப் புடிச்சுக்குமா? அதுக்குத்தான் செஞ்சவனே ஓட்டை வச்சிருக்கானா... அப்ப நான் மூடியத் தொறக்கும்போது விடுற அந்தப் பெருமூச்சு... ஓ.

குத்துங்கண்ணே. அந்தப் பசையக் குத்தி எடுத்துடுங்க. ட்யூபையும் பிச்சுப் போடுங்க. அண்ணே, கொஞ்சம் இப்படி வாங்க... வீட்டுக்காரி கேட்டா பம்ப்புன்னு சொல்லிடுங்க. புண்ணியமாப் போகும். ஏன், அந்தப் பக்கம் என்ன பாக்குறீங்க?

அவ பக்கத்துக் கதவுக் கண்ணாடி எறக்கியா இருக்கு? எப்பலேருந்து?... மொதல்லேருந்தா.

ஃபோன நீட்டுறா பாருங்க. எனக்கா? யாரு, உன் தம்பியா? குடு, குடு. எனக்கென்ன பேசத் தெரியாதா?

அலோ... மச்சான்... நான்தான்... வந்துட்டிருக்கோம்... என்னது? நின்னுடுச்சா, வந்து தள்ளவான்னா கேக்குற?... இல்ல, நீ வர வேணாம். வண்டியில ஒரு குத்தமும் இல்ல... மூடியிலதான்... அது வந்து மச்சான்... அது வந்து...