படகில் இருந்த பொதியைக் கரை சேர்த்தது பற்றி றிஸான் கூறியது

எனது பெயர் உசனார் முகம்மது றிஸான். வயது முப்பத்திரண்டு. காத்தான்குடியில் மட்டக்களப்பு வாவிக் கரைப் பக்கமாக உள்ள வீட்டில் மனைவி நிஸ்றாவுடன் வசிக்கிறேன். தொழில் படகு எஞ்சின் திருத்துவது. எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன். நான் வேகமாகப் பேசுவதால் எழுத முடியவில்லை என்று சாஜன்ட் ஐயா இரண்டு தடவை சொல்லிவிட்டார். இனி மெதுவாகச் சொல்கிறேன்.

நான் முன்பு ஐஸ் என்னும் போதைப்பொருளைப் பாவித்தவன். இது இந்தப் பொலிஸ் நிலையத்துக்கும் தெரியும். புனர்வாழ்வு நிலையத்திலிருந்து வெளியே வந்து இரண்டு நோன்பு மாதம் கழிந்துவிட்டது. இதுவரை தொடவில்லை. மட்டக்களப்பு நகரைச் சேர்ந்த கொன்ராட் என்பவரை அங்கேதான் சந்தித்தேன். அவர் பறங்கியர், ஐம்பது வயதைத் தாண்டியவர், சாராயத்தை விடுவதற்காக வந்திருந்தார். இருவருக்கும் எஞ்சின் வேலை தெரிந்தபடியால் வெளியே வந்ததும் சேர்ந்து வாவிக் கரையில் ஒரு திருத்தகம் போட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைப் போன்றவர்கள் கூடும் கூட்டத்துக்கு ஒரே மோட்டார் சைக்கிளில் போய் வருவோம். பழைய பழக்கத்துக்கு மனம் இழுத்தால் மற்றவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள ஒப்பந்தம்.

இஷாம் என்பவர் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் இரண்டு படகுகளுக்குச் சொந்தக்காரர். முன்பு எனக்கு ஐஸ் விற்றவரும் அவரே. நேற்று அவருடைய படகோட்டி, எஞ்சின் சூடாகிறது என்று சொல்லி ஒரு படகை எங்களிடம் விட்டுச் சென்றார். அது யாருடைய படகு என்று எனக்குத் தெரியவந்தபோது கொன்ராட் அண்ணன் எஞ்சினை ஏற்கெனவே கழற்றியிருந்தார். அதனால் வேலையைச் செய்தோம்.

இன்று மதியம் ளுஹர் தொழுதுவிட்டு வந்து, எஞ்சினைப் பூட்டி, ஓட்டிப் பார்ப்பதற்காக நாங்கள் இருவரும் அந்தப் படகில் வாவிக்குள் போனோம். நடு வாவியில் எஞ்சினைக் குளிராக்கும் தண்ணீர் வெளியே வருவது நின்றுவிட்டது. தண்ணீர் வரும் துளையைக் குத்தி எடுப்பதற்குக் கம்பித் துண்டு ஏதும் கிடைக்குமா என்று பார்க்க, படகின் முன்பக்கம் இருந்த பெட்டியைத் திறந்தேன். உயிர்காப்பு அங்கிகளுக்குக் கீழே கறுப்புப் பொலித்தீனில் சுற்றிய பொதி ஒன்று இருந்தது. அதன் ஒரு மூலை கிழிந்து, உள்ளே பொட்டலம் பொட்டலமாகச் சிறிய பக்கெட்டுகள் தெரிந்தன. அவை என்ன என்று ஒரு பார்வையிலேயே எனக்குத் தெரிந்தது. வாயில் எச்சில் ஊறியது. காது அடைத்தது. நான் மூடியைக் காலால் தள்ளி மூடினேன். கையால் பொதியைத் தொடவில்லை.

அதன் பின்னர் நான், “அண்ணன், எனக்கு இழுக்குது” என்றேன். அவர் ஏன் என்று கேட்க, பெட்டியைக் காட்டினேன். அவர் திறந்து பார்த்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டார். உடனே வாவிக்குள் வீசிவிடுவோம் என்றார். அதற்கு நான் சொன்னது: “போட்ட இடம் எனக்குத் தெரிஞ்சிரிக்கும் அண்ணன். நாளைக்கு நான் வந்து மூழ்கித் தேடுவன்.” பொலிசில் ஒப்படைப்பது என்று முடிவெடுத்தோம். கரை வரைக்கும் அந்தப் பொதியுடன் ஒரே படகில் வர எனக்கு என்மேலேயே பயமாக இருந்தது. ஆகையால் அவரிடம், “நீங்க அந்தப் பெட்டிக்கு மேல குந்துங்க. நான் என்ன சொல்லிக் கேட்டாலும் எழும்பாதீங்க” என்றேன். கொன்ராட் அண்ணன் பாரமான ஆள். அவர் பெட்டியின் மேல் அமர்ந்து இரண்டு கைகளாலும் பக்கப் பலகைகளைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் இஷாம் எனது தொலைபேசிக்கு அழைத்தார். பெட்டியில் பொருள் இருப்பது தெரியாமல் படகோட்டி படகைத் திருத்தகத்தில் விட்டுவிட்டார் என்பதைப் பின்னர் பொலிசார் சொல்லித்தான் அறிந்தேன். இஷாம் முதலில் படகைத் திருப்பிக் கொண்டுவரும்படி மட்டும் கேட்டார். நான் பேசாமல் இருக்கவே, பொதியைக் கண்டுவிட்டேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. “ஒரு பக்கெட்ட எடுத்துக்க றிஸான். மிச்சத்தக் கொண்டு வந்து தா. ஒருத்தருக்கும் தெரியாது” என்றார்.

நான் உடனே தொலைபேசியைத் துண்டிக்கவில்லை. கொன்ராட் அண்ணன் எனது முகத்தைப் பார்த்துவிட்டு, அவன் என்ன சொல்கிறான் என்று தனக்குச் சொல்லும்படி கேட்டார். நான் ஒவ்வொரு சொல்லாக உரத்துச் சொன்னேன். சொல்லி முடித்ததும் காது திறந்ததுபோல இருந்தது. அதன் பின்னர் இஷாமிடம் இதைப் பொலிசுக்குக் கொண்டுபோகிறேன் என்று சொன்னேன். பழைய ஐஸ்காரனை யார் நம்புவார்கள், உள்ளே போகப்போவது நீதான் என்று அவர் ஏசினார். நான் அழைப்பைத் துண்டித்தேன். கொன்ராட் அண்ணன் அவசர இலக்கத்துக்கு அழைத்து, நாங்கள் நகரத்து இறங்குதுறைக்கு வருவதாகச் சொன்னார்.

சிறிது நேரத்தில் காத்தான்குடிப் பக்கமிருந்து இஷாமின் மற்றப் படகு எங்களை நோக்கி வந்தது. அவரும் இன்னொருவரும் அதில் நின்றார்கள். அவர்களுடைய எஞ்சின் பெரியது. எங்களுடையது சூட்டில் கருகி மணக்கத் தொடங்கியிருந்தது, வேகம் கூட்டினால் இறுகிப்போகும். கம்பி எங்கேயும் இல்லை. கொன்ராட் அண்ணன் எழும்பாமலே தனது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதன் ஒரு காலை முறித்து என்னிடம் எறிந்தார். அது மெல்லிய கம்பி. நான் அதை நேராக்கித் துளைக்குள் விட்டுக் குத்தினேன். முதலில் பாசி வந்தது, பிறகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் பீறிட்டு எனது மார்பில் அடித்தது. எனக்கு வலி தெரியவில்லை. தண்ணீர் வருகிறது, தண்ணீர் வருகிறது என்று நான் கத்த, அவரும் அதையே கத்தினார்.

அதன் பின்னர் முழு வேகத்தில் ஓட்டினேன். இருந்தும் அவர்கள் நெருங்கி வந்தார்கள். அதனால் இறால் பிடிப்பவர்கள் கம்பு நட்டு வலை கட்டியிருக்கும் ஆழமில்லாத பகுதிக்குள் படகைத் திருப்பினேன். வலைகளுக்கு இடையில் தோணி போகிற வழி எனக்குத் தெரியும். எஞ்சினைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டு, நீண்ட தடியால் ஊன்றி ஊன்றிக் கடந்தேன். இஷாமின் படகு வேகத்தைக் குறைக்காமல் உள்ளே வந்தது. கம்புகள் முறியும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது எஞ்சினின் விசிறியில் வலை சுற்றி, படகு மணலில் ஏறிச் சரிந்து நின்றது. தோணிகளில் இருந்த மீனவர்கள் தங்கள் வலை போன கோபத்தில் அந்தப் படகைச் சூழ்ந்துகொண்டார்கள். இஷாமையும் மற்றவரையும் போகவிடாமல் பிடித்து வைக்கும்படி நாங்கள் கூவினோம்.

இறங்குதுறையில் இரண்டு பொலிஸ் உத்தியோகத்தர்கள் நின்றார்கள். அவர்களில் ஒருவருக்கு என்னை முன்பே தெரியும். அவர் முதலில் எனக்கு விலங்கு போட்டார். நான் கைகளை நீட்டிக் கொடுத்தேன். பிறகு கொன்ராட் அண்ணனை எழும்பச் சொன்னார்கள். அவர் எழும்பவில்லை. “றிஸான் சொல்லாம நான் எழும்பமாட்டன் சேர்” என்றார். கரையில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த உத்தியோகத்தரும் சிரித்ததைக் கண்டேன். நான், “எழும்புங்க அண்ணன், வந்திட்டம்” என்றேன். அவருக்குக் கால் விறைத்துப்போயிருந்ததால் இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள். பொதியைப் பொலிசாரே எடுத்தார்கள்.

நிலையத்துக்கு வந்ததும், எனது சிறுநீரைப் பரிசோதிக்கும்படி நானே கேட்டேன். எவரும் என்னைக் கேட்கும்படி சொல்லவில்லை. பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. பொலிஸ் இன்ஸ்பெக்டர் ஐயா அதை எனக்கு உரத்துச் சொல்லி, விலங்கைக் கழற்றச் சொன்னார். நான் இன்னொரு தடவை சொல்லும்படி கேட்க, அவர் சொன்னார். பொலிஸ் படகு போய் இஷாமையும் கூட இருந்தவரையும் கைது செய்துகொண்டு வந்தது. இஷாமைக் காட்டியபோது நான் அடையாளம் சொன்னேன்.

அதன் பின்னர் நான் நிலையத்தில் இருப்பதை அறிந்து எனது மனைவி நிஸ்றா ஓட்டோவில் வந்தார். நான் வெளியே போய் வரும்போதெல்லாம் அவர் வீட்டு வாசலில் வைத்து எனது விரல்களை விரித்து மணந்து பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார். அதில் எனக்கு வருத்தம் இல்லை, நான்தான் பார்க்கச் சொன்னவன். இன்று அவர் எதையும் பார்க்கவில்லை. நடந்ததை நிலைய வாசலில் நின்ற பொலிசார் சொல்லக் கேட்டுக்கொண்டு நேரே என்னிடம் வந்து, “சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். கொண்டுவந்த சோற்றை மூவரும் நிலையத்து வாங்குப் பலகையில் அமர்ந்து சாப்பிட்டோம். கொன்ராட் அண்ணன் ஒற்றைக் கால் கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சாப்பிட்டதைப் பார்த்து நிஸ்றா சிரித்தார், பிறகு அழுதார், பிறகும் சிரித்தார்.

பொதியை நான் ஒரு தடவையும் கையால் தொடவில்லை என்பதைத் தனியாக எழுதும்படி கேட்டுக்கொண்டேன். எழுதியிருக்கிறார்கள்.

இவ்வளவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னது போலவே இருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை, எல்லாம் உண்மை. எனது கையொப்பம் கோணலாக விழுந்தால் அது சந்தோசத்தில் கை நடுங்குவதால்தான், வேறு எதனாலும் அல்ல. அதையும் எழுதச் சொல்லி, கீழே ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) உ. மு. றிஸான்