வடிவு வெட்டின பள்ளம்

ரொம்பக் காலத்துக்கு முந்தி, இந்தச் செம்மணல் தேரிக்குத் தெக்கே முள்ளிவிளைன்னு ஒரு ஊரு. இப்ப நாம நிக்கது அந்த ஊரு தான். அப்ப பத்திருபது ஓலைவீடும், ஓலை வேஞ்ச ஒரு சின்ன வேதக்கோயிலும் தான் இருந்துச்சுன்னு சொல்லுவாவ. குடிக்கத் தண்ணி கிடையாது. பொம்பளைய ரெண்டு மைல் நடந்து போயி எடுத்துட்டு வருவாவளாம்.

இந்தக் கதையை எங்க வீட்டாளுக தான் சொல்லணும்னு ஊரு வழக்கம். ஏன்னா தப்புப் பண்ணின ஆளு எங்க பாட்டனுக்குப் பாட்டன். பேரு வேதக்கண். அவரே சொல்லிட்டுப் போனாராம், "என் வீட்டுப் பிள்ளைய தான் சொல்லணும், ஒண்ணையும் மறைக்காம சொல்லணும்"னு. அதனால சொல்லுதேன்.

வேதக்கணுக்கு ஒரு தம்பி, மாசிலாமணி. கலியாணமாகி ரெண்டு வருசம். அவன் பெஞ்சாதி ஞானவடிவு. வடிவு, வடிவுன்னு கூப்பிடுவாவ. அண்ணனும் தம்பியும் கிணறு வெட்டுற ஆளுக. தேரியில கிணறு வெட்டுறது லேசுப்பட்ட வேலையில்ல. மணலு நிக்காது. ஒரு முழம் தோண்டினா சுத்திலும் பலகை வச்சு முட்டுக் கொடுக்கணும், பெறவு தான் அடுத்த முழம்.

மாசி மாசம் கோயிலுக்குப் பக்கத்துல கிணறு எடுத்தாவ. மூணு ஆள் ஆழம் போயாச்சு. மணலு ஈரமா வருது. இன்னும் ரெண்டு முழம் போனா தண்ணி. அந்த நேரம் பாத்துப் பலகை தீந்து போச்சு.

கீழ இருந்து தம்பி கேட்டானாம், "அண்ணே, நாளைக்குப் பலகை கொண்டாந்து வெட்டுவோமா?"

தம்பி இறங்கின கயித்தைப் பிடிச்சுக்கிட்டு மேல நின்ன வேதக்கண் சொன்னாராம், "ஈரமண்ணு நிக்கும்டே. வெட்டு."

தம்பி வெட்டினான். மணலு நிக்கல.

சத்தமே இல்லாம சரிஞ்சுதாம். கொஞ்ச நேரத்துல குழி இருந்த இடம் தெரியல. ஊரு ஓடி வந்துச்சு. அள்ள அள்ளச் சரியுது. ரெண்டு நாள் பாத்தாவ, மூணாம் நாள் விட்டுட்டாவ. கோயில்ல ஜெபம் நடத்துற உபதேசியார் சத்தியநாதர் மணலு மேலயே நின்னு ஜெபம் பண்ணி முடிச்சாராம். "இதையே கல்லறையா நினைச்சுக்கிடுவோம்மா"ன்னு வடிவுகிட்ட சொன்னாராம்.

வடிவு அழலையாம். "கல்லறைன்னா நாம கொண்டு போயி வைக்கணும் அய்யா. இது நாங்க வச்ச இடமில்ல"ன்னாளாம்.

மறுநாள் வெயில் ஏறும்போது பாத்தா, ஒத்தைப் பொம்பளை கையில ஓலைப்பெட்டியோட மணலு அள்ளுதா. குழி இருந்த இடத்துல இல்ல, இருபது முழம் தள்ளி. நேரா தோண்டினா சரியும்னு அவளுக்குத் தெரியும். தூரத்துல இருந்து சரிவா, அகலமா வெட்டிக்கிட்டே வந்தா உள்ள போகலாம்னு கணக்குப் போட்டுருக்கா. ஊரு சிரிக்கல. ஆனா யாரும் கிட்டயும் போகல. பயம். அந்த மணலுக்குள்ள இருந்து ஆளு மூச்சு விடுத சத்தம் கேக்குன்னு ஒரு பேச்சு கிளம்பிருச்சாம்.

வேதக்கண் மட்டும் தினமும் தூரத்துல நின்னு பாப்பாராம். வலது கையைத் துண்டுக்குள்ள மறைச்சுக்கிட்டு நிப்பாராம். அந்தக் கையில சோறு அள்ள முடியல. தூங்க முடியல. உள்ளங்கை தானா சுண்டி இழுக்கும். மூணு தடவை இழுக்கும், நிக்கும். மறுபடி மூணு தடவை இழுக்கும்.

உபதேசியார்ட்ட போயிக் கேட்டாராம், "அய்யா, எவ்வளவு பெரிய தப்புக்கும் மன்னிப்பு உண்டா?"

"உண்டுப்பா. விசுவாசிச்சாப் போதும்."

வேதக்கண் தலையை ஆட்டிட்டு வந்துட்டாரு. காதுல விழுந்துச்சு, உள்ள இறங்கல.

பத்து நாள் ஆச்சு. வடிவு கையெல்லாம் புண்ணு. பள்ளம் இடுப்பளவு இறங்கிருச்சு. இனி அவ அள்ளுத பெட்டியை மேல வாங்கிக் கொட்ட ஆளு வேணும். அன்னைக்கு வேதக்கண் கரையில நின்னாரு. வடிவு நிமிந்து பாத்தா. பெட்டியை நீட்டினா.

"பிடிங்க அத்தான்."

அவ்வளவு தான் சொன்னா. அவரு துண்டுக்குள்ள இருந்து கையை எடுத்தாரு. வாங்கினாரு. கொட்டினாரு. வெறும் பெட்டியைக் கொடுத்தாரு. அடுத்தது வாங்கினாரு. அன்னைக்குப் பொழுது சாயுற வரைக்கும் ரெண்டு பேருக்கும் வேற பேச்சில்ல.

மூணாம் நாளோ நாலாம் நாளோ, பெட்டியை வாங்கும்போது அவரு கை நின்னுருச்சாம்.

"வடிவு. சரிஞ்ச பெறகு கயிறு என் கையில தான் இருந்துச்சு. கீழ இருந்து மூணு தடவை இழுத்தான். உசுரோட இருந்தான். என் காலுக்குக் கீழயும் மண்ணு போச்சு. நான் கயித்த விட்டுட்டு ஓடிட்டேன். யாருகிட்டயும் சொல்லல."

வடிவு அந்தப் பெட்டியைப் பிடிச்சபடியே நின்னாளாம். எவ்வளவு நேரம் நின்னான்னு யாருக்கும் தெரியாது. பெட்டியோட இந்தப் பக்கம் அவ கை, அந்தப் பக்கம் அவரு கை. அவ விட்டாலும் மணலு கீழ போகும், அவரு விட்டாலும் போகும்.

பெறவு அவ பெட்டியை அவரு பக்கம் தள்ளினா.

"கொட்டிட்டு வாங்க. இருட்டுறதுக்குள்ள இன்னும் இருபது பெட்டி எடுக்கணும்."

போகும்போது, "நாளைக்கும் வாங்க"ன்னு சொன்னாளாம்.

வேதக்கண் நேரா கோயிலுக்குப் போயி எல்லாரு முன்னாலயும் அதைச் சொன்னாரு. கயித்த விட்டதைச் சொன்னாரு, பலகை இல்லாம வெட்டச் சொன்னதையும் சொன்னாரு. சிலபேரு எந்திரிச்சுப் போயிட்டாவ. மறுநாள் காலையில உபதேசியார் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டுப் பள்ளத்துக்கு வந்து, வேதக்கணுக்கு அடுத்த ஆளா நின்னாராம். "நான் வாயால சொன்னேன் வேதக்கண். இந்தப் பிள்ளை பெட்டியால சொல்லிட்டா"ன்னாராம். அதுக்கடுத்து ஒரு ஆளு, அதுக்கடுத்து ஒரு ஆளு. ஊரே வரிசையா நின்னு பெட்டியைக் கைமாத்துச்சு.

உயிர்ப்புத் திருநாளுக்கு, அதான் ஈஸ்டருக்கு, முந்தின சனிக்கிழமை மாசிலாமணி கிடைச்சான். நின்னபடியே இருந்தானாம். முகம் மேல பாத்து இருந்துச்சு. மணிக்கட்டுல கயிறு மூணு சுத்துச் சுத்தியிருந்துச்சு.

எல்லாரும் பின்னால போயிட்டாவ. வடிவு தான் கிட்ட போனா. புருசன் முகத்துல இருந்த மணலைத் துடைச்சா. பெறவு திரும்பி, "அத்தான், வாங்க. கயித்த நீங்க தான் அவுக்கணும்"ன்னா.

அவரு முட்டுக்கால் போட்டு அவுத்தாரு. ஒரு சுத்து. ரெண்டு சுத்து. மூணாவது சுத்துக்கு விரலு வரல. வடிவு அவரு கை மேல கையை வச்சா. ரெண்டு பேருமா அவுத்தாவ. சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துல அடக்கம் பண்ணினாவ. மறுநாள் விடியக்காலம் கோயிலுக்குப் போற வழியில பாத்தா, அவன் நின்ன இடத்துல தண்ணி ஊறிக் கிடந்துச்சாம்.

கை இழுக்கிறது அன்னைக்கோட நின்னுச்சான்னு கேப்பாவ. நிக்கல. சாகுற வரைக்கும் இழுத்துச்சு. ஆனா அதுக்குப் பெறகு அவரு அந்தக் கையை மறைக்கல. வடிவம்மா மறு கலியாணம் கட்டல. வருசா வருசம் காத்து அடிச்சுப் பள்ளத்துல மணலு சேரும். சேந்த மணலை அவ இறங்கி அள்ளுவா, அவரு வாங்கிக் கொட்டுவாரு. சாகுற வரைக்கும் அப்படித்தான்.

அதான் இது வடிவம்மா பள்ளம். அதான் உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை ஊரே வந்து மணலு அள்ளுது. வரிசையில யாரு எங்கேன்னு ஒரு முறை உண்டு. யாரோட உங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லையோ, அவங்களுக்கு அடுத்தாப்ல போயி நிக்கணும். ஒண்ணும் பேச வேண்டாம். பெட்டியை வாங்கணும், கொடுக்கணும்.

போன வருசம் எனக்கும் என் மச்சினனுக்கும் மனத்தாங்கல். நான் போயி அவருக்கு அடுத்து நின்னேன். பெட்டியைக் கையில வச்சுக்கிட்டு அவரு ரொம்ப நேரம் மணலையே பாத்துட்டு நின்னாரு. பின்னால வரிசை நின்னுருச்சு. பெறவு கொடுத்தாரு.