கல்லுல ஒரு புள்ளி

அதெப்படி சார் ஒண்ணுமே இல்லேங்கிறீங்க? லென்ஸத் தொடச்சுட்டு இன்னொரு தரம் பாருங்களேன். வெளிச்சம் பத்தலேன்னா வாசப்பக்கம்... வேணாங்க, வாசப்பக்கம் வேணாம். இங்கயே பாருங்க.

நல்ல கல்லுதான், நானும் பாத்தேன். நீங்க ஊதுன ஆவி நிக்கல. பட்டை சுத்தமா வெட்டியிருக்கு, மஞ்சளடிக்கலேங்கிறீங்க, சரி. உள்ள ஒரு கரும்புள்ளி, மயிரிழையாட்டம் ஒரு கீறல், ஏதாச்சும் இருக்கணுமே. மூக்குத்திக் கல்லு, பொடிசு, கண்ணுக்குத் தப்பியிருக்கும். கோவிச்சுக்காதீங்க. நான் வலங்கைமான் பக்கம் நாத்துப் பறிச்ச ஆளு, எனக்கென்ன தெரியும் வைரத்தப் பத்தி.

வெலையெல்லாம் போட வேணாங்க. விக்க வரல.

எம்மாப்பிள்ளை பரிதி ஷார்ஜாவுலேர்ந்து குடுத்தனுப்புனது. கட்டட வேல. எம்பொண்ணு மலர்க்கொடிக்குன்னு ஆசையா வாங்கியிருக்காரு. எங்க சனத்துல அதுக்கு முன்ன யாரு வைரம் போட்டா? சம்பந்தியம்மாதான், நீலாம்பாள்னு பேரு, எங்கயோ கேட்டுக்கிட்டு வந்து, வைரத்த எடுத்தவொடனே போடக்கூடாது, கொஞ்ச நாள் வீட்டுல வச்சு ராசி பாக்கணும்னு சாமி படத்தண்ட வச்சாங்க. கெட்டது ஒண்ணும் நடக்கல. பசு கன்னு போட்டுச்சு. கடமடைக்குக்கூடத் தண்ணி வந்துச்சுன்னா பாத்துக்கங்களேன். அப்பறந்தான் சார் எம்பொண்ணு மூக்குல போட்டா.

அன்னைக்குச் சாயங்காலமே போன் வந்துருச்சு. சாரத்துலேர்ந்து விழுந்துட்டாருன்னு. பொட்டியிலதான் வந்தாரு மாப்பிள்ளை.

இல்லங்க, தண்ணி வேணாம். இருக்கட்டும்.

அந்தம்மா கெட்ட மனுஷி இல்ல. பெத்த வயிறு, யாரு மேலயாவது போட்டுத்தானே ஆறும். வச்சுப் பாத்தப்ப கல்லு நல்லாத்தானே இருந்துச்சு, இவ போட்டப்பறந்தானே எம்புள்ள போனான்னு ஒரே புடி. கடைசியில சொந்தக்காரங்க பேசி, தஞ்சாவூர்ல வைரம் பாக்கத் தெரிஞ்சவங்ககிட்ட காட்டுவோம்னு முடிவாச்சு. கல்லுல தோஷம் இருந்தா கல்லு போகட்டும், மலரு அந்த வீட்டுலயே இருக்கட்டும். இல்லேன்னா இப்புடியே என்னோட பஸ்ஸு ஏறிட வேண்டியதுதான். ராசிகெட்டவள்னு பேரு விழுந்துட்டா அவ எங்க போயி நிப்பா? எனக்குப் பயமா இருக்கு சார்.

உங்கள நான் பொய் சொல்லச் சொல்லல. சொல்லச் சொல்றேன்தான், என்ன பண்றது. தொழில் தர்மம் இருக்கும், தெரியுது. உங்களுக்கும் பொம்பளப் புள்ள இருக்கும்ல.

வெளியில பெஞ்சுல பாருங்க. இந்தப் பக்கமே பாத்துக்கிட்டிருக்காங்களே, அவங்கதான் சம்பந்தியம்மா. பக்கத்துல வெறும் மூக்கோட குனிஞ்சு உக்காந்திருக்கே, அது எம்பொண்ணு. அந்தம்மா என்ன சொன்னாலும் தாங்கிக்குவேன் சார். வர்றப்ப பஸ்ஸுல இவ கேட்டா, ஏம்ப்பா, கல்லு சுத்தமா இருந்துச்சுன்னா அப்ப நாந்தானான்னு.

ரெண்டு பேரையும் உள்ள கூப்புடட்டுமா சார்?