பொட்டு வைத்த ஆல்டர்னேட்டர்

“இதுல நான் வச்ச பொட்டைக் காணோமேங்க?”

மலாக்கா டவுனுக்குப் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டு அம்மாள் கேட்டது இது. கணவரின் மடியில், பழைய பேப்பரில் பாதி சுற்றிய கார் ஆல்டர்னேட்டர்; பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சாமான்.

“எஞ்சின் சூட்டுல அழிஞ்சிருக்கும் லா. நேத்து முழுக்க வீட்டு வாசல்ல குனிஞ்சு மாட்டி முதுகே போச்சு. இன்னும் பேட்டரி லைட்டு எரியுது. கெட்டுப்போன சாமானைத் தலையில கட்டிட்டான் அந்தப் பழைய சாமான் கடை முதலாளி, தவுக்கே. இன்னைக்கு நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்.”

“கழட்டுன பழசையும் பெட்ரோல் ஊத்திக் கழுவி, இது பக்கத்துலயே காயவச்சீங்கல்ல?”

“ஆமா. ரெண்டும் ஒரே மாதிரி பளபளன்னு இருந்துச்சு. அதுக்கென்ன?”

“கடையில வாங்கியாந்ததுக்குத்தான் நான் சந்தனம் குங்குமம் வச்சேன்.”

“போல்ட் ஓட்டையப் பாக்குறவன் குங்குமத்தையா பாப்பான்?”

“காலையில கூட்டும்போது வாசல்ல ஒண்ணு கிடந்துச்சு. அதுல பொட்டு அப்படியே இருந்துச்சுங்க.”

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். கணவர் பேப்பரை இழுத்து மூடினார்.

“அப்ப நான் பழசையே…”

“மாட்டி, அதையே கழட்டி, அதையே தூக்கிட்டு சண்டைக்குப் போறீங்க.”

“மணியடி. இறங்கிடுவோம்.”

“எதுக்கு? தவுக்கேயை நாலு வார்த்தை கேக்கணும்னீங்களே. வாங்க, பக்கத்துல நின்னு நானும் கேக்குறேன்.”

நான் இறங்க வேண்டிய பாயா ரும்புட் வந்தது. நான் இறங்கவில்லை.