மூலையில் வைத்த பெட்டி

அந்தக் குழலின் மூடியைக் கொஞ்சம் இறுக்கித் திருகி வையுங்கள், ஐயா. உள்ளே இன்னும் கால்வாசிப் பசை இருக்கிறது. காற்றுப் பட்டால் மூக்கிலேயே இறுகிப்போகும், அப்புறம் ஆணியை விட்டுக் குத்தினாலும் வராது. நல்ல பொருளை வீணாக்குவது எனக்கு ஆகாது.

என் நாத்தனார் அதை என் கருவிப் பெட்டியிலிருந்து எடுத்து ஸ்டேஷனுக்கு உங்களிடம் கொண்டுவந்ததில் எனக்கு வருத்தமில்லை. கூடப் பிறந்தவள், துடிக்கத்தான் செய்வாள். கேட்டிருந்தால் நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். நான் எதையும் ஒளித்துவைக்கவில்லை.

என் கணவர் மீன்தொட்டி கட்டுகிறவர். இருபத்திரண்டு வருஷம் நானும் கூட நின்று வேலை பார்த்தேன். கண்ணாடி அறுப்பது அவர், பசை இழுப்பது நான். என் கோடு வளையாது என்று ஒருமுறை சொன்னார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டு அந்த ஒன்றுதான். தந்திக்குக் காசு கட்டுகிறவர் மாதிரி வார்த்தையை எண்ணிப் பேசுகிற மனிதர். எங்களுக்குக் குழந்தை குட்டி கிடையாது. வீட்டில் சத்தம் என்று இருந்தது தண்ணீர்ச் சத்தம்தான்.

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே சுவர் எழுப்பவேண்டிய இடத்தில் அவர் ஒரு தொட்டியைக் கட்டினார். எட்டடி நீளம், இரண்டு பக்கமும் கண்ணாடி. உள்ளே ஒரே ஒரு மீன், முழங்கை நீளம். வேறு எதை விட்டாலும் விழுங்கிவிடும், அதனால் தனிக்காட்டு ராஜா. நான் அதைத் துரை என்று கூப்பிடுவேன். துரை எழுந்தாச்சா, துரைக்குப் பசிக்குதா என்று அவரை வம்புக்கு இழுப்பேன். அவர் காதில் விழாதது போல இருப்பார்.

பெரிய தொட்டிக்கு உள்ளேயே ஒரு ஓவர்ஃப்ளோ பெட்டி வேண்டும். கறுப்பு நிறத்தில், தொட்டி உயரத்துக்கு நிற்கும். அதன் மேல்விளிம்பில் சீப்புப் பல் போல வெட்டியிருக்கும். மேல்மட்டத் தண்ணீர் அந்தப் பல்லிடுக்கில் வழிந்து, பெட்டிக்குள் விழுந்து, குழாய் வழியாகக் கீழே இருக்கிற வடிகட்டிக்குப் போகும். மோட்டார் அதைத் திரும்ப மேலே தள்ளும். மற்றவர்களுக்குக் கட்டும்போதெல்லாம் பெட்டியை நடுவில்தான் வைப்பார். எங்கள் தொட்டிக்கு மட்டும் இடது மூலையில் துளை போட்டார். குழாயை மூன்று இடத்தில் வளைக்க வேண்டியதாயிற்று.

"ஏங்க, நடுவுல வெச்சா நேரா ஒரே குழாயில முடிஞ்சிருக்குமே."

"நடுவுல வெச்சா மறைக்கும்."

"எதை மறைக்கும்?"

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். துரையைத்தான் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பட்டறையில் நின்றபடியே சரிந்தார். கழுத்துக்குக் கீழே எல்லாம் போயிற்று, பேச்சும் போயிற்று. கண் மிஞ்சியது. இடது பக்கத்து வாயோரம் கொஞ்சம் மிஞ்சியது, ஊட்டினால் வாயைத் திறந்து விழுங்குகிற அளவுக்கு. டாக்டர் எங்களுக்கு ஒரு கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒருமுறை கண்ணை மூடித் திறந்தால் ஆமாம், இரண்டுமுறை மூடித் திறந்தால் இல்லை. கட்டிலை ஹாலில் தொட்டியைப் பார்த்தமாதிரி போட்டேன். வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்ததால் ஹாலில் எப்போதும் திரையை இழுத்துவிட்டு இருட்டாகவே வைத்திருந்தேன். சமையலறையில் மட்டும் விளக்கு எரியும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அவரைப் புரட்டிப் போடவேண்டும். துடைக்கவேண்டும், மாற்றவேண்டும், மசித்த சாப்பாட்டை ஸ்பூனால் ஊட்டவேண்டும். நான் எதற்கும் முகம் சுளித்ததில்லை. நாத்தனாரைக் கேளுங்கள், அவளே சொல்வாள். ஆனால் நான் துணியோடு கிட்டே போனால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். வேலை முடிந்து நகர்ந்தால் திறப்பார். திறந்ததும் தொட்டிப் பக்கம் போய்விடும் பார்வை.

நாத்தனார் அடுத்த தெருவில் இருக்கிறாள், தினமும் காலையில் வருவாள். அவள்தான் ஒருநாள் சொன்னாள்.

"அண்ணி, நீங்க அடுப்படில நின்னு மீனுக்குத் தீனி போடுறீங்க இல்ல, அந்நேரம் அண்ணன் முகத்தைப் பாருங்க. வாயோரம் தூக்குது. சிரிக்கிறார்."

"துரை சாப்பிட்டா இவருக்கு வயிறு நிறையுதாக்கும்" என்றேன்.

எத்தனையோ நாள் தீனியைப் போட்டுவிட்டு ஹாலுக்கு ஓடி வந்து பார்த்திருக்கிறேன். நான் வருவதற்குள் அந்தச் சிரிப்பு போயிருக்கும். இரண்டு வருஷத்தில் ஒருதரம்கூட நான் அதைப் பார்த்ததில்லை.

மாதச் சோதனைக்கு வந்த டாக்டர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அவரை இழுத்துப் பிடிச்சு வெச்சிருக்கறது அந்தத் தொட்டிதாம்மா. நாள் முழுக்க அதையேதான் பார்க்கிறார். அது போச்சுன்னா ஆளும் விட்டுடுவார். பார்த்துக்குங்க." நாத்தனாரும் பக்கத்தில் இருந்தாள். என் கையில் ஸ்பூன் இருந்தது. அவரை இழுத்துப் பிடித்து வைத்திருந்தது நான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன், ஐயா.

அன்றைக்கு மத்தியானம் கட்டில் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்டேன்.

"உண்மையைச் சொல்லுங்க. என்னைவிட அந்த மீன்தான் உங்களுக்குப் பெருசா?"

என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடினார். ஒருமுறைதான். வெகுநேரம் திறக்கவே இல்லை. ஓரத்தில் ஈரம் கசிந்தது, துடைத்துவிட்டேன். டாக்டர் சொன்ன கணக்குப்படி ஒருமுறை என்றால் ஆமாம்.

அந்த மாதமே ஓவர்ஃப்ளோ பெட்டியின் அடிமூட்டு விட்டுப்போனது. மின்சாரம் நின்றால் தொட்டித் தண்ணீர் அந்த இடுக்கு வழியே ஒழுகி, கீழே வடிகட்டி நிரம்பி, தரையெல்லாம் குளமாகிவிடும். மூட்டு விட்டதற்கு நான் பொறுப்பில்லை. எப்படியும் பெட்டியைப் பிரித்துப் புதிதாகத்தான் வைக்கவேண்டும். எனக்குத் தெரிந்த வேலைதான்.

கடைக்காரர் தெரிந்தவர். "தொட்டிக்கா அக்கா?" என்று கேட்டார். "குளியலறைக்கு" என்றேன். குளியலறைப் பசையில் பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்து கலந்திருப்பார்கள். தொட்டி கட்டுகிறவன் கனவில்கூட அதைத் தொடமாட்டான். மருந்து தண்ணீரில் இறங்கி மீனைக் கொல்லும்.

துரையைப் பெரிய பீப்பாய்க்கு மாற்றினேன். தண்ணீரை இறைத்து, பழைய பசையைப் பிளேடால் சுரண்டி, கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்து, பளிங்கு போல் ஆக்கினேன். புதுப் பெட்டியைப் பழைய துளையின்மேல் அதே மூலையில் நிறுத்தினேன். தொட்டிக்குள் முழங்கால் போட்டு உட்கார்ந்து பசை இழுத்தேன். அவர் ஆறடி தூரத்தில் படுத்திருந்தார்.

தொட்டிப் பசைக்கு ஒரு வாடை உண்டு. வினிகர் போல மூக்கில் ஏறும். வீடே இரண்டு நாள் புளிக்கும். இந்தப் பசைக்கு அந்த வாடை கிடையாது. அவர் மூக்கு அதைக் கண்டுபிடிக்கும் என்று நான் யோசிக்கவில்லை. முதல் கோட்டை இழுத்துச் சுண்டுவிரலால் வழித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்தார். இரண்டுமுறை. கொஞ்சம் நிறுத்தி இன்னும் இரண்டுமுறை. நான் அடுத்த கோட்டை இழுத்தேன். நான்கு கோடும் வளையவில்லை.

பசை இறுக ஒரு வாரம் விட்டேன். அவசரப்பட்டு நீரை விட்டால் மூட்டு நிற்காது. அந்த ஒரு வாரமும் அவர் என்னைக் கண்டாலே இரண்டிரண்டாக மூடித் திறந்தார். நாத்தனார்கூடக் கேட்டாள்.

"அண்ணி, அண்ணன் என்னவோ வேணாங்கறார்."

"பிளேடால சுரண்டினேன் இல்ல, கண்ணுல தூசி" என்றேன்.

கண்ணைக் கழுவியும் விட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எட்டாம் நாள் தண்ணீர் விட்டு, துரையையும் திரும்ப விட்டேன். சீப்புப் பல் வழியே ஒரே சீராக, சத்தமில்லாமல் வழிந்தது. நான் வைத்ததில் நல்ல பெட்டி அதுதான். துரை இரண்டு நாள் தாக்குப்பிடித்தது. மூன்றாம் நாள் தரையோடு சாய்ந்து கிடந்தது. அதைத் தூக்கும்போது எனக்கு அழுகை வந்தது. பன்னிரண்டு வருஷம் என் கையால் தின்ற மீன். நான் நின்ற பக்கத்துக்குத்தான் எப்போதும் வரும்.

தண்ணீரை இறைத்துவிட்டு, செத்த தொட்டியை அவர் பார்க்கவேண்டாமே என்று ஹால் பக்கம் முழுவதையும் ஒரு கனத்த போர்வையால் மூடினேன். இரக்கப்பட்டுச் செய்ததுதான். அதுவரை கொடுத்ததைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். மீன் செத்த அன்றைக்கும் ஆறு ஸ்பூன் சாப்பிட்டார். போர்வை போட்ட மறுநாளிலிருந்து வாயைத் திறக்கவில்லை. ஸ்பூனை அவர் பல்லருகில் வைத்துக்கொண்டு கெஞ்சினேன். இனிமேல் உங்களுக்கு நான்தான் இருக்கிறேன் என்றேன். போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் மூச்சு நின்றது.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போனபிறகு போர்வையை எடுத்து மடித்தேன். கால் கடுத்ததால் அவர் கட்டிலிலேயே சாய்ந்தேன், தலையணையில் அவர் தலை பதிந்த பள்ளத்தில். ஹால் வழக்கம்போல இருட்டு. சமையலறையில் விளக்கு எரிந்தது. அந்தப் பக்கம் நின்றால் ஹால் இருட்டில் ஒன்றும் தெரியாது, ஆனால் இந்தப் பக்கம் படுத்தால் கண்ணாடி வழியாக என் அடுப்பு தெரிந்தது. நான் நிற்கிற மிதியடி, கைத்துணி மாட்டுகிற ஆணி, எல்லாம் தொட்டிக்கு நேர் நடுவில். பெட்டி நடுவில் இருந்திருந்தால் மறைத்திருக்கும்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. பசையை நான்தான் வாங்கினேன். மீன் சாகும், அதன் பின்னாலேயே அவரும் போவார் என்று தெரிந்துதான் இழுத்தேன். அவர் வேண்டாம் என்று சொன்னதும் எனக்குப் புரிந்தது. தூசி இல்லை. இதில் ஒரு எழுத்தைக்கூட நான் மறுக்கமாட்டேன். ஆனால் இரண்டு வருஷமும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது மீனைத்தான் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதை எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன்.