சம்பந்தத்தோட கார் நேராப் போன கதை

முன்வரிசையில உட்கார்ந்திருக்கிறவங்க எல்லாம் குடியை விட்டவங்க. பின்னாடி இருக்கிற தாய்மார்கள், விட்டுட்டாங்களான்னு இன்னும் பார்த்துக்கிட்டே இருக்கிறவங்க! சிரிக்காதீங்கம்மா... உங்களுக்குன்னே ஒரு குட்டிக் கதை வச்சிருக்கேன், கேளுங்க.

எங்க ஊர்ல சம்பந்தம்னு ஒருத்தர், உரக்கடைக்காரர். ஆசைப்பட்டு ஒரு பழைய கார் வாங்கினார். பெயின்ட்டைப் பார்த்தார்... சீட்டைப் பார்த்தார்... பாட்டு போட்டுக்கூடப் பார்த்தார். ஓட்டிப் பார்த்தாரா? அதான் இல்லை! வீட்டுக்குக் கொண்டு வரும்போதுதான் தெரியுது, வண்டி இடது பக்கமா இழுக்குது. எங்க ஊர் ரோட்டுக்கு இடது பக்கம் என்ன? வாய்க்கால்!

மெக்கானிக்கிட்ட போனாரா? போகலை. ஸ்டியரிங்கை வலது பக்கமா இழுத்துப் பிடிச்சுக்கிட்டார். ஒரு நாள் இல்லை, ரெண்டு நாள் இல்லை... ஒரு வருஷம்! கேட்டா, "என் வண்டியோட குணம் எனக்குத் தெரியாதா?"ன்னு பெருமை வேற.

ஒரு நாள் அவர் சம்சாரம் தையல்நாயகி சொல்லிட்டாங்க. "என் தங்கச்சி மக கல்யாணத்துக்கு நான் பஸ்ல போய்க்கிறேன். உங்க கார்ல ஏறினா தாலி கட்டுறதையா பார்ப்பேன்? வாய்க்கால்ல தவளையைத்தான் பார்ப்பேன்!"

மனுஷனுக்கு ரோஷம் வந்துடுச்சு. அன்னைக்கே மெக்கானிக்கிட்ட விட்டு, சக்கரத்தை நேர்படுத்துற வீல் அலைன்மென்ட் பண்ணச் சொன்னார். மெக்கானிக்கே ஓட்டிட்டு வந்து வாசல்ல விட்டதும், "இப்ப ஏறு தையலு"ன்னார்.

ஏறினாங்க. மெயின் ரோட்டுக்கு வந்தாங்க... வண்டி வலது பக்கமா பாயுது! எதிர்ல டவுன் பஸ்! "ஐயோ, என்னங்க!" பிரேக்... மயிரிழையில தப்பிச்சாங்க. பஸ் டிரைவர் தலையை நீட்டி, "வீட்ல சொல்லிட்டு வந்தியா?"ன்னு கேட்கிறார். எங்க சொல்றது? வீட்டம்மாவே பக்கத்துலதானே உட்கார்ந்திருக்காங்க!

சம்பந்தம் குதிக்கிறார். "அந்த மெக்கானிக்கை சும்மா விடமாட்டேன்! இடது பக்கம் இழுத்ததை வலது பக்கம் இழுக்க வச்சுட்டான்!"

தையல்நாயகி அவர் கையையே பார்த்தாங்க. "என்னங்க... ரோடு காலியா இருக்கு. மெதுவா விடுங்க. பிடியைக் கொஞ்சம் தளர்த்துங்க."

தளர்த்தினார்... வண்டி நேராப் போச்சு.

"வண்டி சரியாயிடுச்சுங்க. உங்க கைக்குத்தான் அது இன்னும் தெரியலை."

தாய்மார்களே... அந்தப் பிடியை நான் குறை சொல்லலை. அந்தக் கை இல்லேன்னா வண்டி என்னைக்கோ வாய்க்கால்ல கிடந்திருக்கும். உங்க வீட்டுக்காரரை, உங்க பிள்ளையை இங்க கொண்டு வந்து உட்கார வச்சது நீங்க விடாமப் பிடிச்ச பிடிதான்.

ஆனா... மாசக்கணக்கா சாராயக் கடைப் பக்கமே போகாத மனுஷனை, இன்னும் வாசல்லயே நிறுத்தி "எங்க, ஊதுங்க"ன்னு சொல்றீங்களே! கால் மணி நேரம் லேட்டானா போன் மேல போன்! கழட்டிப் போட்ட சட்டையை மோந்து பார்க்கிறது! யாரு... அந்த நீலப் புடவை அம்மாவா தலையைக் குனிஞ்சுக்கிறது? நேராப் போறவரை நாமளே எதிர்ப்பக்கம் தள்ளிடலாமா?

கையை எடுத்துடுங்கன்னு நான் சொல்லலை. ஸ்டியரிங்ல கை இருக்கத்தான் வேணும். நாளைக்கு அவர் வேலை முடிஞ்சு வாசல்ல வந்து நிற்கும்போது, ஊதச் சொல்லாதீங்கம்மா... "கை கால் கழுவிட்டு வாங்க, தோசை ஊத்துறேன்"னு சொல்லிப் பாருங்க.