கரி அள்ளும் பொம்மை

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர்.

"இந்த வாரம் பூரா எங்கப்பாவுக்குத்தான்ணே பெயிண்ட் அடிக்கேன்" என்றான் தெற்கத்தி இளைஞன்.

"இன்னாபா ஒளற்ற?" என்றார் உள்ளூர்க்காரர்.

"பார்க்குல ஓட்ட நீராவி இன்ஜின் செய்றோம்லண்ணே. உள்ள இருக்கது மோட்டார்தான். ஆனா கரி அள்ளிப் போட ஒரு ஆள் பொம்மை வேணுமாம். மூஞ்சிக்கு போட்டோ கேட்டாக. அப்பா கரும்பாலைச் சின்ன ரயில்ல அந்த வேலைதான பாத்தாரு. அதான் அவரு போட்டோவக் குடுத்தேன்."

"அவுரு வந்து பாத்தாரா?"

"போன மாசம் போயிட்டாருண்ணே. அந்தக் கரிப்புகைதான். கடைசிவரைக்கும் இருமிக்கிட்டே கெடந்தாரு."

உள்ளூர்க்காரர் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"பொம்ம நல்லா வந்துகீதா?"

"அச்சு அசல் அவருதான்ணே. சுவிட்சப் போட்டா நாள் பூரா கரி அள்ளுது. ஒருதடவகூட இரும மாட்டேங்குது."